பொத்தான்: மொட்டிலிருந்து வந்த சொல்

பைத்தானில் ஜன்னல், பட்டன் எல்லாம் உருவாக்க உதவும் டிகின்டரை (tkinter) வைத்து முதல் பட்டனைப் போட்டவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இதோட கலரை எப்படி மாத்துறது?" மாற்றலாம். அதற்கு முன் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

சட்டையில் தைப்பதும் திரையில் அழுத்துவதும் தமிழில் பொத்தான்தான். பித்தான் என்றும் சொல்வோம். 'வாயைப் பொத்து' என்கிறோமே, அதுபோலச் சட்டையைப் பொத்துவதால் பொத்தான் என்று தோன்றும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லை. போர்ச்சுகீசியரின் 'பொத்தாவ்' இங்கே வந்து பொத்தான் ஆனது. அவர்கள் மொழியில் பூமொட்டுக்கும் அதே சொல். ஆங்கிலப் பட்டனும் அதே குடும்பம்தான்: பழைய பிரெஞ்சில் 'தள்ளு' என்ற வினையிலிருந்து, கிளையைத் தள்ளிக்கொண்டு வெளிவரும் மொட்டுக்குப் பெயர் வந்தது, உருவம் ஒத்துப்போனதால் சட்டைக் குமிழுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் வந்த கப்பலும் இதுதான். ஆக, திரையில் ஜன்னலைத் திறந்து பொத்தானை அமுக்கினால் இரண்டுமே போர்ச்சுகீசியச் சரக்கு!

ஈழத்தில் சட்டைப் பொத்தானைத் தெறி என்பார்கள். 'விசை' என்று எழுதுவோரும் உண்டு. விசைப்பலகை நிலைத்துவிட்ட பிறகு அது கீபோர்டுக்கே இருக்கட்டும். திரையில் இருப்பதற்குப் பொத்தான் போதும்.

சரி, நிறம். டிகின்டரில் 'பிஜி' (bg) என்பது பின்னணி நிறம். 'எஃப்ஜி' (fg) என்பதை 'முன்னணி நிறம்' என்று பெயர்த்தால் ஏதோ கட்சிக்கொடி போலிருக்கிறது. அது மாற்றுவது எழுத்தைத்தான் என்பதால் 'எழுத்து நிறம்' என்பேன்.

ஒருமுறை சிவப்புப் பொத்தானில் வெள்ளை எழுத்து வைத்து, விண்டோஸில் பார்த்துத் திருப்திப்பட்டு நண்பருக்கு அனுப்பினேன். அவருடைய மேக்கில் சிவப்பைக் காணோம். வெள்ளை எழுத்து மட்டும் வந்திருந்தது, வெளிறிய பொத்தானின் மேல். ஒன்றுமே படிக்க முடியவில்லை. காரணம் எளிது. 1990களின் தொடக்கத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் என்ற கணினி அறிஞர் உருவாக்கிய, டிகின்டருக்கு அடியில் இயங்கும் டிகே (Tk), யூனிக்ஸ் இயங்குதளத்தில் பொத்தானைத் தானே வரைந்தது. சொன்ன நிறத்தைப் பூசியது, விண்டோஸிலும் பூசுகிறது. மேக்கில் வரைவது இயங்குதளம். அதன் பொத்தானை டிகே கடன் வாங்குகிறது, கடன் வாங்கியதற்குச் சாயம் ஏறுவதில்லை.

டிகின்டரோடு வரும் டிடிகே (ttk) என்ற தொகுப்பின் பொத்தானிலும் இதே கதை. அதற்கு 'பிஜி' கொடுத்தால் பிழைச்செய்திதான் வரும். நிறத்தை 'ஸ்டைல்' (Style) வழியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லியும் விண்டோஸின் வழக்கமான தீமில் (தோற்றத் தொகுப்பில்) பொத்தானின் ஓரத்தில் மட்டும் நிறம் எட்டிப்பார்க்கும். அந்தத் தீமுக்குப் பதில் 'கிளாம்' (clam) போடுங்கள். அதை டிகே தானே வரைகிறது, நடுவரைக்கும் சிவப்பு ஏறும், மேக்கிலும்கூட.