மழையே இல்லை, ஷீட் மட்டும் ஒழுகுது

போன மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர் போன் செய்தார். "அண்ணா, ஒரு வாரமா சொட்டு மழை இல்ல. விடியக்காலையில ஷீட்டு ஒழுகுதுங்க. நாலு டியூப் சிலிகான் அடிச்சுட்டேன், நிக்கல."

காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். வெயில் ஏறினால் எல்லாம் காய்ந்துவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது. டார்ச் அடித்ததும் கூரை முழுக்க முத்து முத்தாக நீர், ஸ்க்ரூ முனை ஒவ்வொன்றிலும் ஒரு துளி. முந்தின நாள் துடைத்து வைத்த லேத் பெட்டில், அதாவது எந்திரத்தின் இரும்பு அடித்தளத்தில், செம்மண் தூவினது மாதிரி துரு பூத்திருந்தது.

ஷீட் வேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். மேகமில்லாத ராத்திரியில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்று 20 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், ஷீட் 17 டிகிரிக்கு இறங்கினாலே நீர் கோத்துக்கொள்ளும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். இந்த மேட்டுப் பக்கம் பனிக்காலத்தில் இது சகஜம். சிலிகான் கடைக்காரருக்குத்தான் லாபம்.

உள்ளே அவ்வளவு ஈரம் எப்படி வந்தது? இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடச் சொன்னேன். அடிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேற்பக்கம் என்றால் காற்றிலிருந்து படிகிறது. அவருக்கு அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. கிராவல் கொட்டி அதன்மேல் நேராகக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். பின்பக்க மண்ணோ தரையைவிட அரையடி உயரம்!

முதலில் அந்த மண்ணை வெட்டி வாய்க்கால் எடுத்தோம். பிறகு பழைய தரைமேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை ஒரு அடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, ஓரங்களைச் சுவரில் மடித்து ஏற்றி, மேலே மூன்று அங்குலக் கான்கிரீட். புதிதாகக் கட்டுகிறவர்கள் இதை ஆரம்பத்திலேயே செய்தால் செலவு சொற்பம்.

உள்ளே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த ஷீட்டைத் தொடாதபடி அடியில் தடுப்புப் போடுகிற கூரை வேலை அதற்கப்புறம்தான். இதில் நானே சூடு பட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் பாலக்கோடு பக்கம் ஒரு ஷெட்டில், வெயிலுக்காக ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் செருகினேன், இடுக்குகளை அடைக்கவில்லை. உள்காற்று இடுக்கு வழியே ஏறி, தெர்மாகோலுக்குப் பின்னால் நீராகி, இரண்டே வருஷத்தில் ஷீட் பொத்தலானது. அலுமினியத் தாள் ஒட்டிய, காற்றுக் குமிழி வைத்த பப்புள் ஷீட் போட்டாலும் சரி, வேறெது போட்டாலும் சரி, ஒவ்வொரு ஜாயின்டையும் ஃபாயில் டேப்பால் ஒட்டுங்கள். பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். ஷீட்டோடு அப்பிவிட்டால் வெயிலுக்கு அது பாதிகூட உதவாது.

வெல்டிங், கிரைண்டிங் நடக்கிற பட்டறையில் தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். பொறி ஒன்று போதும், உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். இவருக்கு ஃபாயில் ஒட்டிய ராக்வூல்தான் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) போட்டேன். விலை கூடுதல், ஆனால் தீப்பிடிக்காது.

இந்த வேலையெல்லாம் முடிகிறவரை லேத்தை பிளாஸ்டிக் தாளால் போர்த்தாதீர்கள், அதற்கு அடியிலும் வேர்க்கும். சாயங்காலம் பெட்டில் எண்ணெய் தடவி, எண்ணெயில் தோய்த்த பழைய வேட்டித்துணியைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள்.