கப்போர்டு கதவுக்குள் நகரும் அச்சு

வாசல் கதவின் கீலில் அச்சு எங்கே என்று தேடவேண்டியதில்லை, ஒரு கம்பியாக வெளியிலேயே தெரியும். கப்போர்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ஆட்டோ ஹிஞ்சில் அப்படி ஒரே இடத்தில் நிற்கிற அச்சே கிடையாது. இது புரிந்துவிட்டால், வீட்டிலேயே பிளைவுட் கதவு செய்து மாட்டுகிறவர்களுக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கதவு பக்கப் பலகையின் முகப்பை மூடி நிற்கிறது, இரண்டு மூன்று மி.மீ. தள்ளி அடுத்த கதவு. கீல் உள்ளே இருக்க, அச்சும் அங்கேயே அசையாமல் இருந்தால், அதற்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் கதவின் மூலை திரும்பும்போது பக்கத்துக் கதவில் இடிக்கும். அதனால் கீலுக்குள் இரண்டு குட்டைக் கைகளை வைத்து, நான்கு மூட்டுகளில் இணைத்திருக்கிறார்கள். அந்த இரு கைகளையும் மனதுக்குள் கோடாக நீட்டிப் பாருங்கள்: கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அந்தக் கணத்தில் அதுதான் அச்சு. கதவு திறக்கத் திறக்க அந்தப் புள்ளியும் நகர்கிறது, கதவு முன்னால் வந்து ஒதுங்கியபடியே திரும்புகிறது. மூடும்போது கடைசிச் சில டிகிரியில் ஸ்பிரிங் கதவைத் தானே இழுத்துக்கொள்ளும்.

சரி, துளை. கதவுக்குள் பதியும் கீலின் வட்டக் கிண்ணத்தை ‘கப்’ என்பார்கள். கப்பின் விட்டம் 35 மி.மீ., ஆழம் சுமார் 12. அதாவது 18 மி.மீ. பலகையில் மிச்சம் 6 மி.மீ.தான், பிட்டின் நடுமுனை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும் என்பதால் ஆழத்தைக் குறித்துக்கொள்ளாமல் டிரில்லை அழுத்தினால் வெளிப்பக்க மைக்காவைப் பொத்துவிடும். கதவின் ஓரத்துக்கும் துளைக்கும் நடுவே பொதுவாக 3 முதல் 6 மி.மீ. விடுவார்கள். 5 விட்டால் துளையின் மையம் ஓரத்திலிருந்து 22.5 மி.மீ.யில் வரும். இந்த அளவை 1 மி.மீ. கூட்டினால் கதவும் பக்கப் பலகையை 1 மி.மீ. கூடுதலாக மூடும். கீலைத் தாங்க, பக்கப் பலகையின் உட்புறம் மாட்டும் பிளேட்டின் ஸ்க்ரூக்களுக்கு வழக்கமான அளவு, முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ.

கப்பிலிருந்து பிளேட்டுக்குப் போகும் நீளக் கை (முன்பு சொன்ன குட்டைக் கைகள் அல்ல) கதவுக்குத் தகுந்தபடி மாறும்: பக்கப் பலகையை முழுதாக மூடும் கதவுக்கு நேரான கை, ஒரே பலகையை இரண்டு கதவுகள் பங்கிட்டால் கொஞ்சம் வளைந்த கை, சட்டத்துக்குள்ளேயே உட்காரும் கதவுக்கு நன்றாக வளைந்த கை. கடையில் இதைச் சொல்லாமல் வாங்காதீர்கள். தவறான வளைவை எந்தத் திருகலும் சரிசெய்யாது, பக்கவாட்டில் கிடைக்கும் நகர்வே பெரும்பாலும் 2 மி.மீ. அளவுதான்.

எடைக் கணக்கு சுவாரசியமானது. 2.1 மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலமுள்ள 18 மி.மீ. பிளைவுட் கதவு ஏறக்குறைய 12 கிலோ இருக்கும். எடை கீலிலிருந்து 25 செ.மீ. தள்ளித் தொங்குவதால் மேல் கீல் பலகையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. மேல், கீழ்க் கீல்களுக்கு நடுவே 1.9 மீட்டர் இருந்தால் அந்த இழுவை 1.6 கிலோதான், வெறும் அரை மீட்டர் இருந்தால் 6 கிலோ. ஆகவே அவற்றை முனைகளிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்தால் போதும். இந்த உயரத்துக்கு மொத்தம் நான்கு போடுவது நல்லது, நடுவில் வரும் இரண்டும் கதவு வளையாமல் பிடித்துக்கொள்ளும்.

மாட்டியபிறகு கதவின் வெளி மூலை தாழ்ந்து தெரிந்தால், மேல் கீலின் முன் ஸ்க்ரூவைத் திருகிக் கதவைக் கீல் பக்கமாக இழுங்கள். இவ்வளவு உயரக் கதவில் 1 மி.மீ. இழுத்தால் அந்த மூலை கால் மி.மீ.தான் உயரும், ஆனால் இரு கதவுகளுக்கும் நடுவிலுள்ள கோணலான இடைவெளி நேராகிவிடும். நடுக்கீல்களின் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் அவை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டு கதவை நகரவிடாது.