அடித்துக்கொண்டே இருக்கும் அலாரமும் பொறுப்பேற்க ஆளில்லாத கட்டடமும்

விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஓர் அலுவலகக் கட்டடத்தின் திருட்டு அலாரம் முன்னிரவில் தொடங்கி விடியும்வரை விட்டு விட்டு அலறியிருக்கிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் நோயாளிகளும் தூங்க முடியாமல் தவிக்க, அக்கம்பக்கத்தார் அவசர எண்ணுக்கு மாறி மாறி அழைத்திருக்கிறார்கள். காவலர்கள் வந்து கதவு சன்னல்களைச் சோதித்து, எங்கும் உடைப்பு இல்லை என்று கண்டு, வாசலில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தால், அது வேலையை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவருடைய எண். கடைசியில் பொறுமை இழந்த யாரோ ஏணி வைத்து ஏறி வெளிச் சைரனின் வயரை வெட்டிவிட்டார். வயரை அறுத்தால் அதைத் திருடனின் வேலை என்று எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் தன் பேட்டரியிலேயே அடிக்கும்படிதான் வெளிச் சைரன்கள் செய்யப்படுகின்றன. குறிப்பிட்ட நேரத்தில் தானே நிற்கும் அமைப்பும் அந்தப் பழைய சைரனில் இல்லை. ஆகவே அதுவரை விட்டு விட்டு அடித்தது, அதற்குப் பின் பேட்டரி தீரும்வரை ஓயாமல் அடித்தது.

காலையில் போய்ப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ நிகழ்ச்சிக்காகக் கூரையிலிருந்து தொங்கவிட்ட காகித அலங்காரத்தை யாரும் அவிழ்க்கவில்லை. டைமரில் ஓடி ஓடி நின்ற ஏசியின் காற்றில் அது அசைவு உணரியின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டடத்தின் பொறுப்பாளர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “கருவி கெட்டுப்போச்சு சார், நல்ல கம்பெனியுடையதா மாத்திக் கொடுத்துடுங்க.”

தீ அலாரங்களையும் திருட்டு அலாரங்களையும் நிறுவிப் பராமரிக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு ஆற்றாமை மிஞ்சிவிட்டது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொய்யாக அடித்த அலாரங்களில் பெரும்பாலானவை பழுதான அலாரங்கள் அல்ல. கருவி எதை உணரச் செய்யப்பட்டதோ அதை உணர்ந்துதான் அடித்திருக்கிறது. இன்று பரவலாக இருக்கும் ஒளிவகைப் புகை உணரிக்குப் புகை எது, நீராவி எது என்று பிரித்தறியத் தெரியாது. அதன் சிறிய இருட்டறைக்குள் நுழையும் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றனவா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறக்கும்போது வெளிவரும் ஆவியும், தரையைத் தேய்க்கும்போது எழும் தூசியும், கொசு மருந்துத் தெளிப்பும், உள்ளே புகுந்துவிட்ட பூச்சியும் அதே வேலையைச் செய்கின்றன. அந்த உணரியைக் கழற்றி எறிந்துவிட்டு அதைவிட விலை கூடியதை அதே இடத்தில் மாட்டினாலும் அடுத்த வாரம் அதுவும் அடிக்கத்தான் செய்யும்.

மாற்ற வேண்டியது இடத்தையோ வகையையோதான். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்எஃப்பிஏ 72 நெறித்தொகுப்பு, வீடுகளில் குளியலறைக் கதவிலிருந்து 3 அடிக்குள்ளும், நிலையான அடுப்பிலிருந்து 10 அடிக்குள்ளும் புகை அலாரத்தை வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. சமையலறைக்கு உள்ளே வெப்ப உணரிதான் பொருந்தும். இவற்றை வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்தாலும், பிற்பாடு யாராவது தடுப்புச் சுவர் எழுப்பி, ஓய்வறையின் ஒரு மூலையைச் சமைக்கும் இடமாக மாற்றிவிடுகிறார்கள். உணரி இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றியுள்ள அறை மட்டும் மாறிப்போகிறது. திருட்டு அலாரத்திலும் கதை இதுதான். வெயில் நேராக விழும் சன்னலைப் பார்த்தபடி வைத்த உணரி, லென்ஸின் மேல் ஊர்ந்த சிலந்தி, இரவில் உள்ளே விடப்பட்ட வளர்ப்புப் பூனை, ரகசிய எண் சொல்லித்தரப்படாமல் அதிகாலையில் திறந்துகொண்டு வரும் துப்புரவுப் பணியாளர் என்று காரணங்கள் எல்லாம் மனிதர்களையே சுட்டுகின்றன. உணரிகள் எல்லாம் இணைந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலின் நினைவகத்தில் எந்த உணரி எத்தனை மணிக்கு அடித்தது என்பது வரிசையாகப் பதிவாகியிருக்கும். ஒரே உணரி, ஒரே நேரம், வாரத்தில் ஒரே கிழமை என்று அதில் தெரிந்தால், கருவியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அந்த நேரத்தில் அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களில் அனுபவசாலிகள் கைக்கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இந்தப் பதிவைத்தான் படிப்பார்கள்.

“பொய்யாகத்தானே அடித்தது, அடிக்காமல் இருப்பதைவிட மேல்” என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் 2000 ஜனவரி 19 அதிகாலையில் தீப்பிடித்தபோது மணி சரியாகத்தான் அடித்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் பலமுறை வீணாக அடித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று எண்ணிய பல மாணவர்கள் உடனே எழுந்து வெளியேறவில்லை. அந்தத் தீயில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு பொய் ஒலிப்பும் அடுத்த முறை எழுந்து ஓட வேண்டிய ஒருவரைப் படுக்கையிலேயே இருத்திவிடுகிறது. அதோடு, தொல்லை தாங்காமல் உணரியின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் வளையம் போடும் பழக்கமும் அப்போதுதான் தொடங்குகிறது. அறையில் வெள்ளையடிக்கும்போது போட்ட தூசி மூடியை வேலை முடிந்த பிறகும் கழற்றாமல் விட்ட உணரிகளை ஆய்வுக்குப் போகும் இடங்களில் இன்றும் பார்க்கிறேன். கீழே நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும். பேனலும் எந்தக் குறையும் காட்டாது.

இந்தத் தொல்லைக்கு உலகின் பல இடங்களில் உள்ளூர் விதிகள் வந்துவிட்டன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் சில பகுதிகளை அலாரம் அறிவிப்புப் பகுதிகளாக அறிவிக்க இடம் தருகிறது. அங்கே அலாரம் வைத்திருப்பவர் சாவி வைத்திருக்கும் ஒருவரை நியமித்து, அவருடைய விவரத்தை உள்ளாட்சிக்குத் தெரிவித்தாக வேண்டும். திருட்டு அலாரம் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேலோ, விட்டு விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலோ அடித்து அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையானால், அதிகாரி வளாகத்துக்குள் வந்து அதை நிறுத்தலாம். பூட்டை உடைத்துத்தான் நுழைய வேண்டும் என்றால் நீதிமன்ற ஆணை பெற்று நுழையலாம். நியூயார்க் நகரத்தின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கட்டடத்தின் திருட்டு அலாரம் 15 நிமிடத்துக்குள்ளும் வாகன அலாரம் 3 நிமிடத்துக்குள்ளும் தானே நின்றுவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் புதிய கட்டட அலாரங்களுக்கு 5 நிமிடம்தான். வேறு பல நகரங்கள் அலாரத்தைப் பதிவு செய்யச் சொல்லி, ஓராண்டில் சில தடவைக்கு மேல் வீணாக ஆட்களை வரவழைத்தால் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் வாங்குகின்றன. ஊருக்கு ஊர் எண்கள் மாறினாலும் இவை எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: அந்த மணிக்குப் பொறுப்பான ஓர் ஆள், கூப்பிட்டால் எடுக்கிற எண்ணோடு, வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தானாக நின்றுவிட வேண்டும் என்ற இந்த நேர வரம்புகள் திருட்டு அலாரத்துக்கானவை. தீ அலாரத்தையும் அதேபோல் பத்து நிமிடத்தில் நிற்கும்படி அமைத்துத் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் முடியாது என்பதுதான். உள்ளே இன்னும் யாரோ மாட்டிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தை நம்பி அடங்கிப்போகிற தீ மணியை நான் பொருத்தித் தர மாட்டேன். அதை நிறுத்துவதற்குக் காரணம் அறிந்த ஒரு மனிதர் வர வேண்டும்.

மணி அடித்தாலே யாராவது வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையையும் கைவிட்டுவிடுங்கள். பல கட்டடங்களின் அலாரம் அந்தக் கட்டடத்துக்குள் மட்டுமே ஒலிக்கிறது. வெளியே எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கும் அதற்கு இணைப்பு கிடையாது. இணைப்பு இருக்கும் இடங்களிலும் நிலைமை மாறி வருகிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறை, திருட்டு அலாரத்தின் சமிக்ஞைக்காக மட்டும் ஆள் அனுப்புவதை 2000ஆம் ஆண்டிலேயே நிறுத்தியது; தனியார் காவலரோ வேறொருவரோ நேரில் பார்த்து உறுதி சொன்னால்தான் வருவார்கள். ஸ்காட்லாந்து தீயணைப்புத் துறை 2023 ஜூலையிலிருந்து, வணிகக் கட்டடங்களின் தானியங்கி அலாரத்துக்குத் தீ உறுதியாகாத வரை வண்டி அனுப்புவதில்லை. மருத்துவமனை, முதியோர் இல்லம், மக்கள் இரவில் உறங்கும் விடுதிகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. லண்டன் தீயணைப்புப் படையும் 2024 அக்டோபரிலிருந்து பெரும்பாலான குடியிருப்பல்லாத கட்டடங்களுக்குக் காலை 7 மணி முதல் இரவு 8.30 மணி வரை இதே முறையைப் பின்பற்றுகிறது. இதை அவர்களின் அலட்சியம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. வீணான ஓர் அழைப்பில் சிக்கியிருக்கும் வண்டி, அதே நேரத்தில் உண்மையிலேயே எரிந்துகொண்டிருக்கும் வேறொரு வீட்டுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஆகவே உங்கள் ஊரில் எந்த முறை என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எது எப்படி இருந்தாலும், தீயையோ புகையையோ கண்ணால் கண்டால், அலாரம் அடிக்கிறதே என்று இருந்துவிடாமல் வெளியேறி நீங்களே அழையுங்கள்.

பேனல் முன்னால் நிற்பவர்களுக்குச் சில சொற்கள். மணி அடித்ததும் ஓடிவந்து ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் திரையைப் படியுங்கள். எந்தத் தளம், எந்த உணரி என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு ஆளை அனுப்பிப் பாருங்கள். அவர் வந்து சொல்லும்வரை மக்கள் வெளியேறுவது நடந்துகொண்டே இருக்கட்டும். சைலன்ஸ் என்பது சத்தத்தை மட்டும் அடக்குவது. ரீசெட் என்பது நடந்ததை முடித்துப் பேனலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்வது என்பது அந்தப் பகுதியைப் பாதுகாப்பின்றி விடுவது. மூன்றையும் ஒன்றென்று நினைப்பவரிடம் பேனலின் சாவியைக் கொடுக்காதீர்கள். வெல்டிங், வெட்டுதல், தேய்த்தல் போன்ற வேலைகள் நடக்கும்போது ஒரு பகுதியை நிறுத்தி வைத்தால், யார் நிறுத்தினார், எத்தனை மணிக்கு மீண்டும் இயக்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதுங்கள்; அதுவரை அங்கே ஒருவர் கண்காணித்து நிற்கட்டும். சோதனைக்காக மணி அடிக்கும் முன் கண்காணிப்பு மையத்துக்குச் சொல்லுங்கள், முடிந்ததும் மறக்காமல் அதையும் சொல்லுங்கள். சோதனை முடிந்தது என்ற தகவல் போகாததால், அதன்பின் வந்த உண்மையான சமிக்ஞையையும் சோதனை என்று கருத நேர்ந்தால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது?

அவசர எண்ணுக்குத் தவறிப்போகும் அழைப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அங்கேயும் இதே ஆள்பலம்தான் கரைகிறது. பக்கவாட்டுப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினாலே அவசர அழைப்பு போகும் வசதி இன்றைய கைப்பேசிகளில் இருப்பதால், பையில் கிடக்கும் கைப்பேசியே அழைத்துவிடுகிறது. 2023இல் பிரிட்டனின் காவல்துறையினர், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வந்த இந்த வசதியால் பேச்சற்ற அழைப்புகள் குவிவதாக வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். அப்படி அழைப்பு போய்விட்டால் பதறித் துண்டித்துவிடாதீர்கள். துண்டிக்கப்பட்ட அழைப்பின் மறுமுனையில் இருப்பவர், பேச முடியாத நிலையில் ஒருவர் தவிக்கிறாரோ என்று எண்ணித் திரும்ப அழைப்பார், சில இடங்களில் ஆளையே அனுப்புவார். தொடர்பிலேயே இருந்து, “தவறுதலாக வந்துவிட்டது, இங்கே ஆபத்து எதுவும் இல்லை” என்று சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் மேல் யாரும் கோபப்பட மாட்டார்கள். வேண்டுமென்றே விளையாட்டுக்கு அழைப்பது வேறு. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 145ஆம் பிரிவில் அவசர அழைப்பைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கிறது; மற்ற பல நாடுகளிலும் அது தண்டனைக்குரிய குற்றமே.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். சிம் எடுத்துவிட்டோமே என்று பழைய கைப்பேசியை விளையாடக் கொடுக்காதீர்கள்; பல நாடுகளில் சிம் இல்லாத கைப்பேசியிலிருந்தும் அவசர எண்ணுக்கு அழைப்பு போகும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். கழற்ற முடியாத மாதிரி என்றால் சார்ஜ் முழுவதும் தீர்ந்த பிறகு கொடுங்கள், சார்ஜரை எடுத்து வைத்துவிடுங்கள்.