இரவு விமானத்தில் இருக்கையை விட்டு எழும்போது

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூர் செல்லும் இரவு விமானங்களில், பணிக்குழுவில் ஒருவனாக நான் முதலுதவி செய்த காயங்களில் பெரும்பாலானவை விமானம் குலுங்கியதால் ஏற்பட்டவை அல்ல. இருக்கைக்கு வெளியே நீண்டு கிடந்த கைப்பை வாரிலோ, கீழே சரிந்த போர்வையிலோ, உறங்குபவர் நீட்டிய காலிலோ தடுக்கி விழுந்ததால் ஏற்பட்டவை அவை. விழுந்தவர்களில் பலர், பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் பயணம் செய்யும் அறுபது வயது கடந்த பெற்றோர்.

பயணிகள் விமானத்தின் நடைவழி நாம் நினைப்பதைவிடக் குறுகியது. இருபதும் அதற்கு மேலும் இருக்கைகள் கொண்ட விமானங்களில், தரையிலிருந்து 25 அங்குல உயரம் வரை 15 அங்குல அகலம் இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க விதி. அதாவது ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். பறக்கும்போது விமானத்தின் மூக்குப் பகுதி சற்றே உயர்ந்திருப்பதால் தரையும் சிறிது சரிவாகவே இருக்கும். விளக்குகளை அணைத்த பிறகு அந்த வழியில் ஒரு பை வார் கிடந்தாலும், அதைப் பார்த்து விலகி நடக்க முதியவரால் முடிவதில்லை.

இதைவிட நான் அஞ்சுவது எழுந்து நிற்கும் அந்த முதல் நொடிகளைத்தான். கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உள்ள அளவுக்குக் குறைந்திருக்கும். பல மணி நேரம் அமர்ந்திருப்பதால் இரத்தம் கால்களில் தேங்கியிருக்கும். திடீரென எழுந்தால் தலை சுற்றும். கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் வரும் அம்மாக்களுக்கு இந்த மயக்கம் இன்னும் எளிதில் வருகிறது. தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள். எழுவதற்கு முன் பாதங்களைச் சில முறை மேலும் கீழும் அசையுங்கள். முன் இருக்கையைப் பிடித்து அரை நிமிடம் நின்ற பிறகே அடியெடுத்து வையுங்கள். புடவைக் கொசுவத்தைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வதும், காலுறையோடு நடக்காமல் செருப்பு அணிந்து செல்வதும் அவசியம், ஏனெனில் கழிவறையின் தரை பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும், வாசற்படியும் உயர்ந்திருக்கும். தயங்காமல் அழைப்பு மணியை அழுத்துங்கள். கைபிடித்து அழைத்துச் செல்வது எங்கள் வேலைதான்.

நடைவழியோர இருக்கையில் இருப்பவர்கள், உணவு வண்டி வரும்போது முழங்கையையும் முழங்காலையும் உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். சூடான காபி கொட்டினால் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுவதே சரியான முதலுதவி. பனிக்கட்டியோ பற்பசையோ கூடாது.

விழுந்தவர்களிடம் நான் மிகுதியாகக் கேட்பது "ஒண்ணுமில்ல தம்பி, பரவாயில்ல" என்ற பதிலைத்தான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்குத் தலையில் படும் சிறு அடியும் பல மணி நேரம் கழித்து ஆபத்தாகலாம். எனவே அந்த மருந்தைப் பற்றி எங்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வாந்தியோ அசாதாரணத் தூக்கமோ வந்தால், தரையிறங்கியதும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்தியா 2009-இல் இணைந்த 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, விமானத்திலோ ஏறி இறங்கும்போதோ நேரும் விபத்தால் உண்டாகும் உடற்காயத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோரி வழக்குத் தொடரலாம். ஆகவே இறங்குவதற்கு முன்பே பணிக்குழுவிடம் தெரிவித்து, இருக்கை எண்ணும் நேரமும் எதில் தடுக்கி விழுந்தீர்கள் என்பதும் அறிக்கையில் பதிவாகும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.