ரீசனபிள் அக்காமடேஷன்: சலுகையா, ஏற்பாடா?

பொதுத்தேர்வுக் காலம் வந்தால் "மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் சலுகை" என்ற செய்தி தவறாமல் வருகிறது. சொல்வதை எழுதும் எழுத்தர், ஒரு மணி நேரம் கூடுதல், தரைத்தளத்தில் இருக்கை எல்லாவற்றையும் அந்த ஒற்றைச் சொல்லில் போட்டு மூடிவிடுகிறார்கள். சட்டத்தில் உள்ள சொல் 'ரீசனபிள் அக்காமடேஷன்' (reasonable accommodation): மாற்றுத்திறனாளியின் தேவைக்கேற்ப நிறுவனம் செய்ய வேண்டிய பொருத்தமான மாற்றம். அதைச் 'சலுகை' என்று எழுதுவது சட்டத்தையே தலைகீழாக்குகிறது.

'அக்காமடேஷன்' என்ற சொல்லின் மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'மோடுஸ்' அளவு. 'கொம்மோடுஸ்' அளவுக்கு ஒத்தது. அதிலிருந்து வந்த வினைக்கு, ஒன்றை இன்னொன்றுக்குப் பொருந்தச் செய்வது என்று பொருள். தங்கும் அறை என்ற பொருள் பிறகு ஒட்டியது. அமெரிக்காவில் 1972இல் குடிமை உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஊழியரின் மத வழக்கங்களுக்கு வேலை கொடுப்பவர் இசைந்து நடக்க வேண்டும் என்ற இடத்தில் இச்சொல் வந்தது. அந்நாட்டின் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்கான 1977 விதிகள் வழியாக ஊனமுற்றோர் உரிமைக்கு வந்து, 2006இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் ஏறியது. இந்தியா 2007இல் அதை ஏற்புறுதி செய்தது. நம் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இந்தச் சொல் கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 2ஆம் பிரிவிலேயே வரையறை இருக்கிறது: மற்றவர்களுக்குச் சமமாக உரிமையைத் துய்க்கத் தேவையான, பொருத்தமான மாற்றங்களும் சரிப்படுத்தல்களும். செய்பவர் மீது அளவுக்கு மீறிய சுமை விழக்கூடாது என்பது அதன் எல்லை.

இப்போது 'சலுகை'யை எடுத்துக்கொள்வோம். சலுகை கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு. மனம் மாறினால் இல்லை. பயணக் கட்டணத்தில் பாதியைக் குறைத்தால் அது சலுகைதான், அங்கே அச்சொல் பொருந்தும். ஆனால் அதே 2ஆம் பிரிவு, அக்காமடேஷனை மறுப்பதும் பாகுபாடு என்கிறது. 'சலுகை மறுப்பு பாகுபாடு' என்று தமிழில் எழுதிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. சலுகை கிடைக்காதவர் எப்படி வழக்குப் போடுவார்? 16ஆம் பிரிவு அக்காமடேஷனைக் கல்வி நிறுவனத்தின் கடமையாக வைக்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றம், எழுதுவதில் சிக்கலுள்ள ஒரு தேர்வரின் வழக்கில், 40 விழுக்காட்டுக்குக் குறைவான ஊனம் உள்ளவருக்கும் எழுத்தர் வசதியை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகும் பெற்றோர் 'தயைகூர்ந்து' என்று தொடங்கி விண்ணப்பம் எழுதுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? படிவமே அப்படித்தான் கேட்கிறது.

இன்னொரு கேடு. சலுகை என்றால் எல்லோருக்கும் ஒரே பொட்டலம். 16ஆம் பிரிவோ அந்த மாணவரின் தேவைப்படி என்கிறது. பார்வைக் குறைவுள்ளவருக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள் போதுமாக இருக்கலாம். அவர் தலையில் எழுத்தரைக் கட்டினால், தானே எழுதக்கூடியவரின் கையைக் கட்டியதாகும்.

நேரத்தின் கதையும் இதேதான். 2013இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டு நெறிகள், 'கூடுதல் நேரம்' என்ற பெயரை விட்டுவிட்டு 'ஈடுசெய் நேரம்' எனச் சொல்லும்படி கூறின: எழுத்தரைப் பயன்படுத்துவோருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல். மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம், இரண்டரை மணிக்கு 50. வினாவை மறுபடி படிக்கச் சொல்வது, பெயர்ச்சொற்களை எழுத்துக் கூட்டுவது, எழுதியதை வாசிக்கக் கேட்டுத் திருத்துவது ஆகியவற்றில் கரையும் நேரத்துக்கு அது ஈடு. இதில் 'கூடுதல்' எங்கே இருக்கிறது? (2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே 'கூடுதல் நேரம்' என்று பழைய சொல்லுக்குத் திரும்பியது வருத்தத்துக்குரியது.)

சலுகை இல்லையென்றால் தமிழில் வேறு என்ன சொல்வது? 'நியாயமான தங்குமிடம்' என்பது இயந்திரம் துப்பிய சொல். அதைப் படித்துப் பார்க்காமல் அரசு விளக்கக் குறிப்பிலோ பாடநூலிலோ ஒட்டுபவருக்கு மொழிபெயர்ப்பாளர் என்ற பெயர் பொருந்தாது. விடுதி அறை கேட்கிறார்கள் என்றுதானே படிப்பவர் நினைப்பார்? 'தகவமைப்பு' அழகான சொல். ஆனால் உயிரியலில் உயிரினம் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதற்கு அது வழங்கிவிட்டது. இங்கே மாற வேண்டியது பள்ளி. 'தகு மாற்றம்' என்பாரும் உண்டு. சிறப்புக் கல்வியில் 'மாடிஃபிகேஷன்' வேறு, 'அக்காமடேஷன்' வேறு. அதே பாடத்தை, அதே வினாவை வேறு வழியில் எட்டச் செய்வது பின்னது. பாடத்தையே குறைப்பது முன்னது. 'மாற்றம்' என்ற சொல்லை மாடிஃபிகேஷனுக்கு விட்டுவைக்க வேண்டும். மொழிப்பாடத்திலிருந்து விலக்கு அளிப்பதும் மாடிஃபிகேஷன் பக்கம்தான் சேரும்.

என் தேர்வு 'தக்க ஏற்பாடு'. ஏற்பாட்டில் உள்ள 'ஏல்' என்ற வேருக்கு ஒத்துப்போதல், பொருந்துதல் என்று பொருள். 'ஏற்ற' என்பதும் அதன் பிள்ளை. லத்தீன் மூலத்தின் கருத்து அப்படியே கிடைக்கிறது, வடமொழி கலவாமலும் நிற்கிறது. மிகப் பொதுவான சொல் என்ற குறை உண்டுதான். 'தக்க' என்ற அடை அதைக் கட்டுகிறது. 'நியாயமான' வேண்டாம்; நியாயமான விலை என்றால் கட்டுப்படியாகும் விலை என்று புரிந்துகொள்ளும் வழக்கில், நிர்வாகம் தன் வசதிக்கு எது கட்டுப்படியாகுமோ அதைச் செய்தால் போதும் என்றே படிக்கும்.

விண்ணப்பம் எழுதும்போது 'சலுகை வழங்குமாறு வேண்டுகிறேன்' என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்: "2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16, 17ஆம் பிரிவுகளின்படி என் மகளுக்குத் தேர்வில் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தேவையானவை: பெரிய எழுத்து வினாத்தாள், சன்னலருகே இருக்கை, மணிக்கு 20 நிமிடம் ஈடுசெய் நேரம். செய்ய இயலாதது எதுவும் இருந்தால், காரணத்தை எழுத்தில் தரவும்."