அலோபாட்ரிக் ஸ்பீசியேஷன்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஒரே பறவையின் கூட்டம் இரண்டு இடங்களில் பிரிந்து, தமக்குள் இணைசேர வழியில்லாமல் பல தலைமுறைகள் கடந்து, கடைசியில் இரண்டு வேறு சிற்றினங்களாகிவிடும் (சிற்றினம் என்றால் ஸ்பீசிஸ்). உயிரியலில் இதன் பெயர் அலோபாட்ரிக் ஸ்பீசியேஷன்.

கிரேக்கத்தில் 'அலோஸ்' என்றால் வேறு, 'பாத்ரா' என்றால் பிறந்த மண். பின்பாதி லத்தீன், 'ஸ்பீசிஸ்' என்பதற்கு முதலில் கண்ணுக்குத் தெரியும் தோற்றம் என்றுதான் பொருள். ஸ்பீசியேஷன் என்ற சொல்லை 1906-இல் ஓ. எஃப். குக் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் கொண்டுவந்தார். அலோபாட்ரிக் 1942-இல் எர்ன்ஸ்ட் மாயர் என்ற பறவையியலாளர் தந்தது. அவர் 1920-களின் இறுதியில் பசிபிக் கடலில் உள்ள நியூகினியிலும் சாலமன் தீவுகளிலும் பறவைகளைச் சேகரித்தவர், தீவுக்குத் தீவு ஒரே பறவை மாறியிருப்பதை நேரில் பார்த்தவர். ஆகவே இந்தச் சொல் பிறந்ததிலேயே தீவுகளுக்குப் பங்குண்டு.

அந்தச் சாலமன் தீவுகளில் வெள்ளைக்கண்ணிகளைப் பாருங்கள். நம் ஊர்த் தோட்டங்களிலும் உள்ள, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தக் குட்டிப் பறவையின் உறவினங்கள்தான். கீசோ தீவில் ஒரு சிற்றினம், ரனோங்காவில் இன்னொன்று, வெல்லா லவெல்லாவில் வேறொன்று. இத்தனைக்கும் நடுவில் இருப்பது சில கிலோமீட்டர் கடல்தான், ஒரு தீவில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரியும். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய வெள்ளைக்கண்ணி ஒன்று 1850-களில் கூட்டமாகக் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் கடலைத் தாண்டி நியூசிலாந்தில் குடியேறியது, மாவோரி மக்கள் அதற்கு 'தௌஹௌ' என்று பெயர் வைத்தார்கள், புதிதாய் வந்தவர் என்று பொருள். இவ்வளவு தூரம் பறக்கத் தெரிந்த குடும்பம் ஏன் பக்கத்துத் தீவுக்குப் போகவில்லை? இறக்கையில் குறையில்லை, தீவில் நிலைத்த பிறகு கடல் தாண்டும் நாட்டமே குறைந்துபோயிருக்க வேண்டும் என்பது பறவையியலாளர்கள் தரும் விளக்கம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த செய்தி இதுதான். பிரிப்பது கடலின் அகலம் மட்டுமில்லை, போக்குவரத்து நின்றுபோவதுதான்.

போக்குவரத்து நின்றால் மரபணுக் கலப்பும் நிற்கும். புயலில் சிக்கி வந்து சேர்ந்த சில பறவைகளிடம் மூலக்கூட்டத்தின் மரபணுக்களில் ஒரு பகுதிதான் இருக்கும், அப்புறம் தீவின் இரைக்கேற்ப அலகும் உடலும் தலைமுறை தலைமுறையாக மாறும், பாட்டும் மாறும். பின்னால் என்றாவது இரு கூட்டமும் சந்தித்தாலும் ஒன்றின் பாட்டுக்கு மற்றது திரும்பிப் பார்க்காது. காலபாகோஸ் தீவுகள் என்றதும் குருவிகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் 1835-இல் டார்வினை அங்கேயே யோசிக்க வைத்தவை தீவுக்கொன்றாக வேறுபட்டிருந்த மாக்கிங் பறவைகள்.

சரி, தமிழுக்கு வருவோம். ஸ்பீசிஸுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சிற்றினம் என்கின்றன, இலங்கையில் இனம் என்பார்கள். இனம் என்றால் மனித இனங்களும் நினைவுக்கு வரும் என்பதால் சிற்றினமே தெளிவு. பிரிந்து கிடக்கும் நிலையை 'தனிமைப்படுத்தல்' என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கொரோனாவுக்குப் பிறகு அது நோயாளியைப் பிரித்து வைப்பதையே குறிக்கிறது, தவிர யாரோ வேண்டுமென்றே செய்தது போலவும் தொனிக்கிறது. பறவைகளை யாரும் பிரித்து வைக்கவில்லை. காரணத்துக்கு இடப்பிரிவு, விளைவுக்கு வேற்றிடச் சிற்றினத் தோற்றம் என்று இரண்டாக வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

இடப்பிரிவு என்பதில் இன்னொரு வசதி, கடல் இல்லாத இடத்துக்கும் அது பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் வாழும் ஒரு நீலநிறச் சிறு பறவைக்கு, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் விலாவில் செம்பழுப்பு உண்டு, தெற்கே பழனி மலையில் அந்தச் செம்பழுப்பு கிடையாது. இரண்டும் இப்போது தனித்தனிச் சிற்றினங்கள். தாழ்வான, வெப்பமான கணவாயை அவை தாண்டுவதில்லை. 2017-இல் இவற்றின் பேரினத்துக்கு (நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த தொகுதிக்கு) வைத்த பெயர் ஷோலிகோலா, நம் சோலைதான்.

ஒரு எச்சரிக்கை: அலோபாட்ரிக்கின் எதிர்ச்சொல்லான சிம்பாட்ரிக்கை, அதாவது ஒரே இடத்தில் இருந்துகொண்டே பிரிவதை, 'ஓரிட' என்று எழுதாதீர்கள். ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டுமே வாழும் எண்டமிக் உயிரிகளுக்கு ஓரிடவாழ்வி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'ஒரேயிட' என்று எழுதலாம்.