தவிட்டுப்பழமும் அடுப்புச் சாம்பலும்

மூணாறு பக்கம் லயங்களில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்குத் தவிட்டுப்பழம் என்றதும் ஊதா நாக்குதான் நினைவுக்கு வரும். பள்ளி விட்டு வரும் வழியில் தேயிலைக் காட்டு ஓரத்தில் பறித்துத் தின்றால் சாயங்காலம் வரை சாயம் போகாது. வீட்டில் மறைக்கவே முடியாது.

அம்மாச்சி எஸ்டேட் வேலை முடிந்து மலையடிவாரத்துப் போடிக்கு இறங்கியபோது ஒரு கன்றைக் கூடவே கொண்டுவந்தார். வாசலில் நட்டு, அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் போட்டு, போர்வெல் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நாளில் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை. "மலைச்செடிக்கு வெயில் ஆகாது" என்றார். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் இதே செடி வியட்நாமிலும் தாய்லாந்திலும் கடலோர மணலில் புதராக வளர்கிறது. அங்கே வெயிலுக்கு என்ன குறை? போடியில் அதைக் கொன்றது சுண்ணாம்பு.

மூணாறு மலையில் கொட்டும் மழை மண்ணிலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விடும். மிஞ்சுவது புளித்த மண், அதாவது அமில மண். தேயிலைக்குப் பிடித்ததும் அதுதான். தவிட்டுச் செடிக்கும் அதுதான். கீழே, கிணற்று நீரிலும் மண்ணிலும் சுண்ணாம்பு ஏற ஏற, இரும்பு கரையாத துருவாக இறுகிவிடும். புளிப்பு குறையக் குறையக் கூடும் அளவுதான் பிஎச். மண்ணின் பிஎச் ஒரு புள்ளி கூடினால், கரைந்து கிடைக்கும் இரும்பு ஏறக்குறைய 1,000 மடங்கு குறைகிறது. மண் நிறைய இரும்பு இருந்தும் வேர் பட்டினி கிடக்கும். இரும்பு இல்லாமல் செடியால் பச்சையம் செய்ய முடியாது. பழைய இலையில் இருக்கும் இரும்பு கொழுந்துக்கு எளிதில் நகர்வதும் இல்லை. அதனால்தான் முதலில் கொழுந்து வெளுக்கிறது. சாம்பலும் முட்டை ஓடும் அந்தப் பட்டினியை இன்னும் கூட்டியிருக்கும். அம்மாச்சி பாசமாகப் போட்டதுதான், என்ன செய்ய.

அமிலத்துக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் நடக்கும் இந்தச் சண்டையைப் பழத்திலேயே பார்க்கலாம். சாற்றை இரண்டு கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் நல்ல சிவப்பு. இன்னொன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தெளிநீரை விட்டால் நீலமும் பச்சையுமாகத் திரியும். நாக்கைக் கறையாக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் இரண்டுக்கும் காரணம். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள், அசந்துபோவார்கள்.

தவிட்டுச் செடி மிர்ட்டில் குடும்பம். கொய்யா, நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் உறவுதான். கொய்யா இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி குத்தியது போலத் தெளிந்த புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். கசக்கினால் உடைந்து மணக்கும். தவிட்டு இலையின் அடிப்பக்கம் வெண்மையான மென்மயிர் அடர்ந்திருக்கும். அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு ஓடும். அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். பூ ரோஜா நிறத்தில் விரிந்து, வாட வாட வெளுக்கும். ஒரே புதரில் இரண்டு நிறமும் இருப்பது அதனால்தான்.

ஆனால் மத்தியதரைக்கடல் பக்கத்து அசல் மிர்ட்டில் சுண்ணாம்பு மண்ணையும் தாங்கும். சார்டினியாவில் அதன் பழத்தில் மது செய்கிறார்கள். எனவே 'மிர்ட்டில் வளர்ப்பு' என்று எங்காவது படித்துவிட்டு அதே முறையைத் தவிட்டுச் செடிக்குச் செய்யாதீர்கள்.

சரி, கீழே வளர்க்க வழி? தொட்டிதான் நல்லது. புது சிமெண்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்தும் சுண்ணாம்பு இறங்கும். உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க் கழிவும் இலைமக்கும் கலந்து, முடிந்தவரை மழைநீர் ஊற்றுங்கள். தேவையானால் கொஞ்சம் கந்தகத் தூள். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அதை மெல்ல மெல்ல அமிலமாக்கும், வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். வினிகர் ஊற்றுவதில் பயனில்லை, சுண்ணாம்பு அதைச் சீக்கிரமே முறித்துவிடும். விதை மிகச் சிறியது. சதையைக் கழுவி எடுத்து, ஈர மண்மேல் தூவி, லேசாக மூடினால் போதும். நல்ல வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு விதை அனுப்ப வேண்டாம். அழகுக்காகப் புளோரிடாவுக்குக் கொண்டுபோன இந்தச் செடி, அங்கே பைன் காட்டுக்குள் களையாகப் பரவியிருக்கிறது. அங்கேயும் அமில மணல்தான்.